நூலகமும் நுண்கணிப்பொறியும்

நூலகத்தின் பெருமையை அலமாரிகளை எண்ணி அளப்போர் பலர். ஐயாயிரம் நூல் உண்டு, பத்தாயிரம் நூல் உண்டு என்று கூறி மகிழ்வர். ஆயினும் வாசகர் ஒருவர் உள்ளே வந்து, ‘வேங்கடசாமி எழுதிய நூல் ஏதேனும் உண்டா?’ என்று வினவும்போது அந்த எண்ணிக்கை உதவுவதில்லை. எந்த வேங்கடசாமி, எந்த நூல், எந்த அலமாரி என்று நொடியில் விடை கூறும் நூற்பட்டியல் வேண்டும். அப்பட்டியல் பேரேட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கணிப்பொறிக்கும் மாறியது சென்ற நூற்றாண்டின் வரலாறு. அம்மாற்றத்தில் தமிழ் நூல்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும், முதல் நுண்கணிப்பொறிகளைக் கையாண்டோர் கற்ற பாடங்களுள் நமக்கு இன்றும் உதவுவன எவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இப்பொருளில் நமக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. கோபாலபுரம் எல்லையைக் கடந்து பொள்ளாச்சி சென்று வருவோரும், குமுளி, போடிமெட்டு வழியே கம்பம், தேனி சென்று வருவோரும் தம் மக்களுக்காகத் தமிழ் நூல்களை வாங்கி வருகின்றனர். படித்து முடித்தபின் அவை சங்க அலமாரிக்கோ, இங்கு வாயனசாலை என்று வழங்கும் ஊர் நூலகத்துக்கோ சென்று சேர்கின்றன. சேர்ந்த நூல் பட்டியலில் ஏறாவிட்டாலும், பிழையான பெயரில் ஏறினாலும், அதனைக் கேட்டு வருவோர் கையில் அது கிட்டாது. யாரும் எடுக்காத நூல் என்று ஏட்டில் நிற்கும். இடம் போதாத காலத்தில் முதலில் கழிக்கப்படுவது அத்தகைய நூலே அன்றோ?

நம் எல்லைப் பகுதியின் நூலக வரலாறே சற்றுச் சிக்கலானது. கோபாலபுரத்தை அடுத்த சித்தூர் வட்டம் முன்னாளில் கொச்சி அரசுக்கு உரியது. அதனைச் சூழ்ந்த பாலக்காட்டுப் பகுதிகள் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்தவை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஆகவே, 1948ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியபோது அது மலபாருக்கு உரியதாயிற்று. ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் சித்தூருக்கு அச்சட்டம் இல்லை. திருவிதாங்கூரிலோ, 1945ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் தொடங்கிய கிரந்தசாலை சங்கம், அரசின் சட்டத்தை எதிர்பாராது மக்கள் முயற்சியால் வளர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலம் ஒன்றான போதிலும், நூலகங்கள் அனைத்தும் ஒரே சட்டத்தின்கீழ் வருவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நுண்கணிப்பொறியைப் பற்றிப் பேசுமுன் சீர்காழியில் பிறந்த பெரியார் ஒருவரை நினைத்தல் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீ. இரா. அரங்கநாதன் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். இலண்டனில் நூலகக் கலை பயின்று திரும்பினார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையையும், 1934இல் பகுப்பு நூற்பட்டியல் நெறிமுறையையும் தந்தார். இவற்றுள் முதலிரண்டின் புகழ் உலகறிந்தது. நம் கதைக்கு வேண்டுவது மூன்றாவது.

அந்நெறிமுறையில் அவர் மிகுந்த கவலையோடு ஆராய்ந்த செய்திகளுள் ஒன்று இந்தியரின் பெயர். மேனாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. அதனை முன்னே இட்டு எழுதினால் போதும். தமிழர்க்கு அஃது இல்லை. ஊர்ப் பெயர் வரும், தந்தை பெயர் வரும், பின்பு இயற்பெயர் வரும். அவருடைய பெயரிலேயே சீயாழி என்பது ஊர். இராமாமிருதம் என்பது தந்தை பெயர். அரங்கநாதன் என்பதே அவர் பெயர். எனவே பட்டியலில் அரங்கநாதன் என்பது தலையில் நின்று, ஏனைய இரண்டும் பிறைக்கோட்டுக்குள் அடங்கின. ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் கொண்ட சிறு அட்டையில் எந்தச் சொல் முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக அறிஞர் ஒருவர் இத்துணை உழைக்க வேண்டுமா என்று சிலர்க்குத் தோன்றலாம். அரை நூற்றாண்டு கழித்து, மனிதருக்கு உள்ள ஊகம் சிறிதும் இல்லாத இயந்திரம் நூலகத்துள் நுழைந்தபோதுதான் அந்த உழைப்பின் அருமை பலர்க்கும் விளங்கிற்று.

கணிப்பொறி இந்திய நூலகத்துக்கு முதலில் வந்தது நுண்கணிப்பொறியாக அன்று. பெரிய ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றில், தனி அறை நிறைந்த பெரும் பொறிகளில், இரவில் ஓய்ந்திருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெற்று, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டியல் செய்தனர். ஊர் நூலகத்துக்கு அது கனவு. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் மேசைமேல் வைக்கத்தக்க பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1983இல் அதன் அடுத்த வடிவம் 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் படங்கள் நான்கைந்து சேர்ந்தால் அத்தட்டு நிரம்பிவிடும். அன்று அது பெருங்களஞ்சியம். 1984இல் இந்திய அரசு கணிப்பொறிக் கொள்கையைத் தளர்த்தியபின் இங்கும் அத்தகைய பொறிகள் பரவலாயின. அவற்றுக்குக் கிடைத்த மரியாதையை இக்காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குளிரூட்டிய அறை, மென்துணி உறை, வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் வழக்கம் — கோயிலுக்குரிய முறைகள் பலவும் அங்கு உண்டு. நூல்களுக்கு அவ்வளவு மரியாதை கிட்டியதாகச் சொல்வதற்கில்லை.

பொறி வந்தது, அதில் நூலக வேலை செய்ய நிரல் வேண்டுமே. அதனை யுனெஸ்கோ நிறுவனம் இலவசமாக அளித்தது. ஜெனிவாவில் உள்ள உலகத் தொழிலாளர் நிறுவனம் 1960களின் இறுதியில் பெரும் பொறிகளுக்காக ஆக்கிய ஐசிஸ் என்னும் நிரலே அதன் மூலம். அது யுனெஸ்கோவில் சி.டி.எஸ்./ஐசிஸ் என்று வளர்ந்தது. ஜியாம்பவோலோ தெல் பிஜியோ என்னும் இத்தாலியர் அதனை நுண்கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்தார். 1985 டிசம்பரில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. பொருள் வளம் குன்றிய நாடுகளின் நூலகங்களை மனத்திற்கொண்டு செய்தது அது. இந்தியாவில் 1977இல் தொடங்கப்பெற்ற நிசாட் என்னும் அரசுத் திட்டம் அதனைப் பெற்று நூலகங்களுக்கு வழங்கியது. பயிற்சி வகுப்புகளும் நடத்தியது. 1980களின் இறுதியிலும் 1990களிலும் நூலகம் பயின்றோர் பெரும்பாலும் கணிப்பொறியை முதன்முதலாக அறிந்தது இந்நிரலின் வாயிலாகத்தான்.

அதன் சிறப்பு யாதெனில், புலங்களின் நீளத்தை முன்கூட்டி வரையறுக்க வேண்டியதில்லை என்பது. அக்காலத்தில் வழங்கிய டிபேஸ் போன்ற நிரல்களில் தலைப்புக்கு அறுபது எழுத்து, ஆசிரியர்க்கு முப்பது எழுத்து என்று கட்டம் கட்டி வைப்பர். கட்டத்தை மீறிய பெயர் வெட்டுண்டு போகும். கடைக் கணக்குக்கு அது பொருந்தும். திருநாவுக்கரசு என்றும் மீனாட்சிசுந்தரம் என்றும் பெயரிட்டு, அவற்றின்முன் ஊரும் தந்தை பெயரும் சேர்க்கும் இனத்தார்க்குப் பொருந்தாது. ஐசிஸில் ஆசிரியர் இருவர் ஆயினும் எழுவர் ஆயினும் அதே புலம் திரும்பத் திரும்ப வரும்; எழுத்து எத்தனை ஆயினும் ஏற்கும்.

அந்நிரலை நிறுவுவோர் நான்கு அட்டவணைகளை முதலில் அமைக்க வேண்டும். எவ்வெப் புலங்கள் உண்டு என்பது ஒன்று. தட்டச்சு செய்வோர் திரையில் காணும் படிவம் இரண்டாவது. வாசகர்க்குப் பதிவு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது மூன்றாவது. எந்தப் புலத்திலிருந்து எந்தச் சொற்களைப் பிரித்துத் தேடுசொல் ஆக்க வேண்டும் என்பது நான்காவது. ஆர்வம் மிக்க இளைஞர் பலர் முதல் மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டு, நான்காவதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தட்டச்சில் இறங்கிவிடுவர். நூலகத்தின் பயன் முழுவதும் அந்த நான்காவதில் அடங்கியிருந்தது.

பட்டறிவு மிக்க நூலகர்கள் வேறு வழியில் சென்றனர். கணிப்பொறியைத் தொடுமுன் இருப்பைச் சரிபார்த்தனர். இல்லாத நூலுக்குப் பதிவு செய்து பயன் என்ன? பின்பு காகிதத்தில் படிவம் அச்சிட்டு, நூலைக் கையில் வைத்துக்கொண்டு முகப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதினர். அட்டையைப் பார்த்தோ முதுகைப் பார்த்தோ எழுதுவது இழுக்கு; மேலட்டையில் ஓவியர் தம் விருப்பப்படி பெயரைச் சுருக்கியிருப்பார். பல துறைகளிலும் கலந்தெடுத்த ஐம்பது நூல்களை மட்டும் முதலில் ஏற்றி, தேடிப் பார்த்து, அட்டவணைகளைத் திருத்தியபின்னரே மற்றவற்றைத் தொட்டனர். ஒரு நூலுக்கு ஆறு நிமிடம் என்று கொண்டாலும் ஐயாயிரம் நூலுக்கு ஐந்நூறு மணி நேரம் ஆகும். மாலைதோறும் இரண்டு மணி நேரம் உழைக்கும் சங்கத் தொண்டர்க்கு இருநூற்றைம்பது நாள் வேலை அது. பாதியில் முறையை மாற்றினால் அந்த உழைப்பில் எவ்வளவு வீணாகும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மின்சாரமும் ஈரமும் வேறு தொல்லைகள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இன்றிப் பொறியை இயக்கியோர் துன்புற்றனர். ஐந்தேகால் அங்குலப் பிளாப்பித் தட்டு ஒன்றில் 360 கிலோபைட் கொள்ளும். நானூறு எழுத்துள்ள பதிவுகள் ஏறத்தாழ 900 அதில் அடங்கும், தேடுசொற் கோப்பு தனி. அத்தட்டு மலைப்பகுதியின் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒலிபெருக்கியின் காந்தத்தருகே வைத்தால் அழியும். ஆகவே நாளின் வேலை முடிந்ததும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பாலபாடம். தட்டு மறைந்தது, பாடம் மறையவில்லை. இன்று பென் டிரைவ் ஒன்றிலேயே நூலகம் முழுவதையும் வைத்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டுத் திரிவோரைக் காணும்போது அந்தப் பழைய கண்டிப்பு நினைவுக்கு வருகிறது.

இவை எம்மொழிக்கும் பொது. தமிழ் நூலைப் பதிய வந்தோர்க்கு உண்மையான இடர் எழுத்தில் தொடங்கிற்று.

அன்றைய பொறி அறிந்தது ஆஸ்கி என்னும் 128 குறிகளை மட்டுமே. அவற்றுள் ஆங்கில எழுத்துகள் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதினர். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் முறையில் ழ, ள, ற, ன, ண ஆகியவற்றுக்கு எழுத்தின்கீழ்க் கோடும் புள்ளியும் உண்டு. 128 குறிகளில் அவற்றுக்கு இடம் இல்லை. கோடும் புள்ளியும் நீங்கின. மனமும் மணமும் ஒன்றாயின. அறமும் அரமும் ஒன்றாயின. கலை, களை, கழை மூன்றும் ஒரே சொல் ஆயின. கோடும் புள்ளியும் இல்லாமலே வேறுபாடு காட்ட முயன்றோர் ஒருவர்போல் ஒருவர் எழுதவில்லை. ழகரத்துக்கு ‘எல்’ என்பார் ஒருவர், ‘இசட்’ என்பார் ஒருவர், ‘இசட்-எச்’ என்பார் ஒருவர். தகரத்துக்குத் தெற்கே உள்ளோர் ‘டி-எச்’ இட, வடக்கே பயின்றோர் ‘டி’ மட்டும் இட்டனர். இவற்றைப் பெருக்கினால் ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லே ஆறு வகையாகும். மனிதர் எவரும் ஆறையும் கண்டு ஒன்றெனக் கொள்வர். பொறிக்கு அவை ஆறு வெவ்வேறு சொற்கள். தமிழ் நூல்கள் ஆறு இடங்களில் சிதறிக் கிடக்கும்.

இங்கே நம் அண்டை மொழியின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். மலையாள எழுத்தில் ழகரமும் ளகரமும் றகரமும் ணகரமும் உண்டு. தந்நகரமும் றன்னகரமும் மட்டுமே அங்கு ஓர் எழுத்தில் அடங்கும். ஊர் வாயனசாலைப் பேரேட்டில் மலையாளத்தில் எழுதி வைத்த தமிழ்த் தலைப்பு, ஆங்கில எழுத்தில் எழுதிய தலைப்பைவிடப் பெரிதும் மூலத்தோடு ஒத்திருக்கும். பேரேடுகளைப் பழையன என்று தள்ளிவிட்டு ஆங்கிலப் பட்டியலிலிருந்து மீண்டும் தமிழாக்க முயல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

தேர்ந்த நூலகர் என்ன செய்தார்? எழுத்துப்பெயர்ப்புக்கு ஒரே அட்டவணை வகுத்து, பொறிக்கு மேலே சுவரில் ஒட்டினார். அது சிறந்த முறையா என்பதைவிட, அனைவரும் அதனையே பின்பற்றுகின்றனரா என்பதே பெரிதென்று கண்டார். அதனினும் முதன்மையாக, பெயர்களுக்கென்று தனிப் பதிவேடு ஒன்று வைத்தார். கல்கி என்று நூலில் இருந்தால் கல்கி, ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுவோர்க்குக் ‘கல்கியைக் காண்க’ என்னும் குறிப்பு. புதுமைப்பித்தனுக்கும் சொ. விருத்தாசலத்துக்கும் அவ்வாறே. மறைமலையடிகள் முன்னாளில் வேதாசலம் என்ற பெயரில் எழுதியவை அவர் பெயரின்கீழ் வரவேண்டும். இராமலிங்கம் என்றும் ராமலிங்கம் என்றும் இருவகையாய் வருவனவற்றுள் ஒன்றைத் தலைமையாகக் கொள்ள வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி என்பதில் மயிலை ஊர், சீனி தந்தை பெயரின் சுருக்கம். எனவே அவர் வேங்கடசாமி என்பதன்கீழ் நிற்பார். அரங்கநாதன் 1934இல் அட்டைக்கு எழுதிய நெறி பொறிக்கும் அப்படியே பொருந்திற்று.

1980களில் கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 1988இல் தோன்றிய சீ-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் என்னும் அட்டையைப் பொறியினுள் செருகியபோது இந்திய எழுத்துகள் திரையில் தோன்றின. அதற்கு அடிப்படையான இஸ்கி என்னும் எழுத்துக் குறியீடு 1991இல் இந்தியத் தர நிர்ணயம் ஆயிற்று. ஐசிஸ் நிரலிலும் தமிழை அப்படியே எழுதலாம் என்றபோது நூலகர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. மகிழ்ச்சி அடங்கியபின் மூன்று தடைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

முதலாவது, எந்தக் குறிகள் எழுத்து, எவை சொல்லைப் பிரிக்கும் இடைவெளி என்று நிரலுக்குச் சொல்லும் சிறு கோப்பு ஒன்று உண்டு. அதில் தமிழ் எழுத்துகளின் எண்களைச் சேர்க்காவிடில் நிரல் தமிழ்ச் சொல் எதனையும் சொல்லாகவே கொள்ளாது. பதிவு திரையில் அழகாகத் தோன்றும். தேடினால் ஒன்றும் வராது. இரண்டாவது, தேடுசொல் முப்பது குறிக்குமேல் நீளாது. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் தமிழ்த் தலைப்பு விரைவில் அந்த எல்லையைத் தொடும். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ என்னும் தலைப்பை முழுத் தொடராகத் தேடுசொல் ஆக்கினால், ‘தமிழ்’ என்பதன் ழகரத்தோடு முப்பது முடிந்துவிடும். புள்ளிக்குக்கூட இடம் இராது. ஆகவே தலைப்பைத் தொடராக மட்டுமன்றிச் சொல் சொல்லாகவும் பிரித்துத் தேடுசொல் ஆக்கும்படி நான்காம் அட்டவணையை அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது தடைதான் பெரியது, இன்றளவும் தீராதது. இஸ்கி குறியீடு இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக, தேவநாகரி வரிசையில் அமைந்தது. அதனைத் தழுவியே 1991இல் யூனிகோடு முறையிலும் தமிழுக்கு இடம் வகுத்தனர். அதன்படி நகரத்தின் அடுத்து னகரம், ரகரத்தின் அடுத்து றகரம், லகரத்தின் அடுத்து ளகரம், ழகரம், அவற்றின் பின்னரே வகரம். நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். புள்ளியோ குறியீட்டில் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கிறது. எண் வரிசையை மட்டும் பார்க்கும் நிரல் ‘அகம்’ என்பதை முன்னும் ‘அக்கா’ என்பதைப் பின்னும் வைக்கும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் அக்காவே முன்னவள். ஜானகி என்னும் பெயர் னகரத்தின் பின்னே வருவதற்கு மாறாகச் சகரத்தின் அருகே நிற்கும். அகராதி பார்த்துப் பழகிய முதியவர் அச்சிட்ட பட்டியலை எடுத்து, உரிய இடத்தில் நூலைக் காணாமல், ‘இல்லை போலும்’ என்று திரும்பிவிடுவார். நூல் அலமாரியில் இருக்கும்.

எனவே பட்டியலை அச்சிடுமுன் ‘அகம்’, ‘அக்கா’, ‘ஜானகி’, ‘வள்ளி’, ‘நன்னூல்’ முதலிய சில சொற்களைக் கொடுத்து வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. பிழையாக வந்தால் தமிழ் அகரவரிசை அறிந்த நிரலைக் கொண்டு வரிசை செய்துகொள்ளலாம்.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தாலும் புணர்ச்சி விடாது. ஆங்கிலத்தில் சொல்லின் முற்பகுதியை இட்டு டாலர் குறியைச் சேர்த்தால் அதன் விரிவுகள் எல்லாம் வரும். ஐசிஸ் தந்த வசதி அது. தமிழில் ‘நூல்’ என்று இட்டு டாலர் குறி சேர்த்தால் நூல்கள் வரும், நூல்நிலையம் வரும். ‘நூலகம்’ வராது, ஏனெனில் அங்கே புள்ளி போய்விட்டது. ‘நூற்பட்டியல்’ வராது, லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. ‘பொன்’ என்று தேடுவோர்க்குப் ‘பொற்காலம்’ கிட்டாது. ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்று ஒருவர் பிரித்து எழுத, ‘தமிழிலக்கிய வரலாறு’ என்று மற்றொருவர் சேர்த்து எழுத, அலமாரியில் அருகருகே உள்ள இரு நூல்கள் பட்டியலில் அந்நியர் ஆகிவிடும். இதற்கு ஒரே வழி: முகப்பில் உள்ளவாறு தலைப்பை எழுதிவிட்டு, அதனைச் சொல் பிரித்து மற்றொரு புலத்தில் மீண்டும் எழுதுவது. வேலை சற்று மிகும். தமிழிலக்கணம் நன்கு கற்ற ஒருவர் தட்டச்சு செய்வோரின் அருகில் இருத்தல் வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லாத சங்கம் எது?

1990களின் இறுதியில் ஐசிஸ் விண்டோஸுக்கு மாறியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் கோஹா என்னும் நிரல் பயனுக்கு வந்தது. அதுவும் விலையின்றிக் கிடைப்பது, திறந்த நிரல். கேரளத்துக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் பல இன்று அதனைக் கொண்டே இயங்குகின்றன. பழைய பதிவுகளின் கதி என்ன ஆயிற்று? இங்கேதான் முன்யோசனை உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் வேறுபாடு தெரிந்தது. ஐசிஸில் உள்ள பதிவுகளை ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் உலகப் பொது வடிவில் வெளியே எடுத்து வைக்கும் வசதி தொடக்கத்திலேயே இருந்தது. அவ்வாறு எடுத்து வைத்தவர்கள், புலங்களைப் பொருத்தி, புதிய நிரலில் ஏற்றிக்கொண்டனர். ஏதோ ஒரு தனி நிரலில், தனி எழுத்துருவில், எடுத்து வைக்கும் வழியின்றிப் பதிந்தவர்களோ அனைத்தையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. எழுத்துருவால் நேர்ந்த கேடு பெரிது. 1990களில் அழகிய தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தமிழுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் அப்பதிவு எவராலும் படிக்க இயலாத கிறுக்கலாகத் தோன்றும். ஓலையைச் செல் அரிப்பதற்கு நூறாண்டு வேண்டும். எழுத்துருவால் அழிவதற்குப் பத்தாண்டு போதுமாயிற்று. பழைய சங்கப் பட்டியல் ஏதேனும் அத்தகைய எழுத்துருவில் எவர் வீட்டிலாவது இருக்குமானால், பொறி பழுதாகுமுன் அதனைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்பு யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளல் வேண்டும். மாற்றும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. மூல எழுத்துருவின் பெயர் தெரிந்திருந்தால் வேலை எளிது.

கோஹாவில் நமக்கு மிகவும் பயன்படும் ஓர் ஏற்பாடு உண்டு. அது பின்பற்றும் மார்க் வடிவத்தில் 880 என்னும் எண்ணுள்ள புலம், ஒரே செய்தியை வேறோர் எழுத்தில் மீண்டும் எழுதுவதற்கென்றே அமைந்தது. தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் எழுதி, அப்புலத்தில் மலையாள எழுத்திலும் அதனையே எழுதி வைக்கலாம். புலம் திரும்ப வரக்கூடியது ஆகையால் ஆங்கில எழுத்துக்கும் இடம் உண்டு. நிரலை அமைப்பவர் அப்புலத்தைத் தேடுசொற் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சேர்க்காவிடில் எழுதியது அங்கேயே உறங்கும். நம் குடும்பங்களில் தமிழ் பேசியும் கேட்டும் வளர்ந்து, பள்ளியில் மலையாள எழுத்தை மட்டும் கற்ற பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பாட்டி சொன்ன கதையின் பெயரை அப்பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தில் இட்டுத் தேடினாலும், தமிழ் நூல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் உள்ளது என்று அப்பட்டியல் காட்டும்.